ஒன்றும் இல்லாத நாட்களுக்கு ஒரு வாழ்த்து

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஆரியசாலையிலிருந்து ஒரு தம்பதி தங்கள் மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டிய அழைப்பிதழைக் கையில் வாங்கியதும், பெண்ணின் பெயரையோ முகூர்த்த நேரத்தையோ பார்ப்பதற்கு முன்பே என் விரல்கள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தன. சந்தன நிறத்தில் தடித்த அட்டை. பின்பக்கம் ஓர் எழுத்தும் இல்லாமல் சுத்தமாக இருந்தது.

"நல்ல அட்டை" என்றேன், என்னை அறியாமல்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செலக்ட் பண்ணினதாக்கும்" என்று அந்த அம்மாள் பெருமையோடு சொன்னாள். உங்கள் கொழுந்தன், என் வீட்டுக்காரர், மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் போன பிறகும் வேலை ஓடவில்லை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் உங்களைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசிவிட்டேன். உங்களிடம் மட்டும்தான் பேசவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சித்திரை மாதம். கோவில்பட்டியின் கரிசல் வெயிலிலிருந்து வந்தவளுக்கு இந்த மலையாளத்து ஊரின் ஆரியசாலைக் கடைத்தெரு முதலில் மூச்சு முட்டியது. கீழே அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய வத்தல் மல்லி மொத்தக் கடை, மேலே வீடு. மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மாடியில் இருப்பவர்கள் வரிசையாகத் தும்முவோம். நீங்கள் மூத்த மருமகள், நாகர்கோவில் பக்கத்துப் பெண். நான் இளையவள். ஓரகத்தி என்றால் எப்படி நடந்துகொள்வாள் என்று எங்கள் ஊரில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே சாலைச் சந்தைக்கு என்னைத் தனியாக அனுப்பினீர்கள். தள்ளுவண்டியில் அறுத்து வைத்த பலாப்பழம். வண்டிக்காரர், "சக்க வேணோ சேச்சீ? நல்ல சக்க!" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "சக்கைய நீங்களே வச்சுக்கோங்க, எனக்குச் சொளை குடுங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பலாவுக்கே மலையாளத்தில் சக்கை என்றுதான் பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, கண்ணில் நீரோடு உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அப்படியா சொன்னே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் தட்டின் அடியில் ஓர் அட்டை இருந்தது. பழைய கல்யாண அழைப்பிதழை வெட்டி, அதன் வெற்றுப் பக்கம் வெளியே வரும்படி மடித்திருந்தீர்கள். அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் முள்ளம்பன்றி மாதிரி ஒன்று வரைந்திருந்தது. உள்ளே, "சாலைச் சந்தையை முதல்முதலாகச் சிரிக்க வைத்த நாளுக்கு வாழ்த்து" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டி.

"என்னக்கா இது? இன்னைக்கு எனக்குப் பிறந்தநாளும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத நாளுக்குத்தான் பிள்ளே இது. பெரிய நாளையெல்லாம் ஊரு பாத்துக்கிடும். சின்ன நாளுக்கு யாரு இருக்கா? நாமதான் இருக்கோம்."

முள்ளம்பன்றி இல்லை, பலாப்பழம் என்று நீங்கள் விளக்கம் சொன்ன பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து நான் உங்களிடம் எதற்கும் தயாராக இருக்க வேண்டியிருக்கவில்லை.

வியாபாரக் குடும்பமாதலால் வீட்டுக்குக் கல்யாண அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாக வரும். கல்யாணம் முடிந்த மறுநாள் அவை உங்கள் கைக்கு வந்துவிடும். பிள்ளையார் படத்தை மட்டும் கத்தரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை அளவாக வெட்டி அடுக்கி வைப்பீர்கள். பூச்சி வராமலிருக்க மைதா மாவில் கொஞ்சம் துரிசு போட்டுக் காய்ச்சிய பசை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எப்போதும் இருக்கும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதியின் முதல் மழைக்கு ஓர் அட்டை. உங்கள் மகனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்கு ஓர் அட்டை. கோவில் ஆறாட்டு விடுமுறைக்கு, மீன்காரிக்குப் பேரன் பிறந்ததற்கு, பக்கத்தில் வாடகைக்கு இருந்தவர் வீட்டில் நாய் குட்டி போட்டதற்கு எல்லாம் உங்களிடம் வாழ்த்து இருந்தது. தம்பானூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தபோது, முதல் நாள் காலை என் டிபன் பாக்ஸின் மூடிக்குள் ஒன்று ஒட்டியிருந்தது. ஆவியில் நனைந்து மை கலங்கியிருந்தது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி, "ஹஸ்பண்டா?" என்று கேட்டாள். "அக்கா" என்றேன். அவள் நம்பவில்லை.

ஹர்த்தாலுக்குக்கூட வாழ்த்து எழுதியவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கடையெல்லாம் அடைத்து, தெருவே வெறிச்சோடிக் கிடக்கும் அந்த நாட்களில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையல் அரைத்து, ஆளுக்கோர் அட்டையும் வைப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர், என் அத்தான், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "ஊரு முடங்கிக் கெடக்கு, உனக்கு விசேஷமா?" என்பார்.

"ஆம்பிளைங்க ரெண்டு பேரும் பகல்ல வீட்டுல இரிக்கது விசேஷம் அல்லாம பின்ன என்ன?" என்பீர்கள்.

அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் கூடத்தில் சீட்டு விளையாடுவார்கள். தோற்றவரைப் பார்த்து ஜெயித்தவர் சிரிக்கிற சத்தம் அடுக்களையில் நமக்குக் கேட்கும். அத்தான் வாய்விட்டுச் சிரிப்பது வருடத்தில் அந்தச் சில நாட்களில்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். நாம் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "எங்க வீட்டுல பிள்ளைங்க கூடுதல். நான் பெறந்த நாளு எங்கம்மைக்கே ஓர்மை இல்ல. ஐப்பசியில நல்ல மழை பெய்ஞ்ச ஒரு நாளுன்னு மட்டும் சொல்லுவா. அதுனால ஐப்பசி மாசம் மழை பெய்யுத நாளெல்லாம் எனக்குப் பெறந்தநாளுன்னு நானே வெச்சுக்கிட்டேன்" என்றீர்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. லாபமாக ஒன்று கிடைத்தது மாதிரித்தான் சொன்னீர்கள். எங்கள் கோவில்பட்டி வீட்டில் என் பிறந்தநாள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. அந்தத் துணிகளை மடித்து முடிக்கும்வரை நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கடை பிரிந்தது.

யார் பக்கம் நியாயம் என்று இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? உங்கள் கொழுந்தனுக்குப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க வேண்டும் என்று ஆசை. அத்தானுக்கு மூட்டை வியாபாரம் தவிர வேறு எதுவும் வியாபாரமே இல்லை. ஒருநாள் காலை, வெளியூர் வியாபாரிகளும் சுமட்டுக்காரர்களும் நிற்கும்போது பேச்சு முற்றி, "நீ கடைக்கு ஆகமாட்டே. வீட்டுல போய் இரி" என்று அத்தான் சொல்லிவிட்டார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். பெரியவர்கள் வந்து பேசிப் பார்த்தும் சேரவில்லை. கடைசியில் எல்லாம் பிரிந்து, நாங்கள் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நடந்தால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அதற்குள் அத்தான் உங்களிடம் சொல்லிவிட்டார், "அவன் வீட்டுப் படிய மிதிக்கப்பிடாது, போனும் பண்ணப்பிடாது" என்று. இவரும் என்னிடம் அதையேதான் சொன்னார். கோபத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி.

நாங்கள் வீட்டைவிட்டு இறங்கிய அன்று சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையில் ஓர் அட்டையைத் தந்தீர்கள். "தனி அடுப்பு மூட்டும் நாளுக்கு வாழ்த்து." அதைப் பார்த்ததும் இவருக்கு முகம் சிவந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு வெளையாட்டா மதினி?"

"வெளையாட்டு இல்ல தம்பி. சண்டையும் வழக்கும் உங்க ரெண்டு பேருக்கும்தான். எனக்கு யாருகூடயும் வழக்கு இல்ல. புது வீட்டுக்குப் போற பிள்ளையள வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல்ல."

இவர் வண்டியின் முன்பக்கம் போய் ஏறிக்கொண்டார். நீங்கள் என் மகள் மீனாவின் கன்னத்தைக் கிள்ளி, என் தலையில் சரிந்திருந்த பூவை நேராக்கிவிட்டு உள்ளே போனீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வண்டியில் ஏறியிருக்க மாட்டேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். வாசலில் தபால்காரி வந்து நின்றார். கையில் ஒரு கவர், அதில் உங்கள் கையெழுத்து.

"ஆரியசாலையில இருந்து ஸ்ரீவராகத்துக்குத் தபாலோ! நடந்நா போரே சேச்சீ?" என்று சிரித்தார், நடந்தால் போதாதா என்று.

நடக்கத்தானே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்! படி மிதிக்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது. தபால் பெட்டியைப் பற்றி அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே மீனாவுக்கு ஓர் அட்டை: "ஐந்தாம் வகுப்பின் புதுப் புத்தக வாசனைக்கு வாழ்த்து." அதோடு நாலைந்து பென்சில் சீவல்களைப் பூவாக ஒட்டியிருந்தீர்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசாரிப்புகூட இல்லை.

நானும் பதில் போட்டேன். வெட்டிய அட்டை கோணலாக வந்தது, ஆனாலும் போட்டேன். அதன் பிறகு எத்தனை வருடங்கள், இந்தச் சின்ன ஊருக்குள் நம் இருவருடைய வாழ்த்துகளும் முத்திரை குத்திக்கொண்டு எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தன! சொந்தக்காரர் கல்யாணங்களில் நீங்கள் ஒரு வரிசையில் இருப்பீர்கள், நான் ஒரு வரிசையில். பந்தியில் என் பின்னால் கடந்து போகும்போது உங்கள் கை என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போகும். அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாட்டில் எது என்ன ருசி என்று எனக்குத் தெரிந்ததில்லை.

வந்த அட்டைகளை நான் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் நிறுத்தி வைப்பேன். இவர் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் காற்றில் கீழே விழுந்த அட்டையை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, முன்பு இருந்த மாதிரியே நிறுத்திவிட்டுப் போனார். நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படியே வருடங்கள் ஓடி, ஒரு ஜூன் மாதம். இரண்டு நாளாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இவர் ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இடவப்பாதி தொடங்கியாச்சே. மதினிக்க தபாலு ஒண்ணும் வரல்லியா?"

 அவ்வளவு வருடங்களில் மதினி என்ற சொல் அவர் வாயில் வந்தது அன்றுதான். தபால் வராமல் இருந்ததும் அந்த வருடம்தான்.

மறுநாள் ஆரியசாலைக் கடையின் பழைய கணக்கப்பிள்ளை போன் பண்ணினார். உங்களுக்குப் பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வார்டுக்கு வெளியே நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"வந்தியா பிள்ளே" என்றார். "எனக்கு இவ சொல்லுகது ஒண்ணும் மனசிலாக மாட்டேங்கு. நீ கேட்டுச் சொல்லு."

உங்கள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைக் கண்டதும் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னீர்கள். திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது: "மழை... அனுப்பல்ல." நம் தபால் விஷயம் அத்தானுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று அவரிடம் நான் சொன்னேன், "ஒண்ணுமில்ல அத்தான், மழை பெய்யுதான்னு கேக்காங்க" என்று. அவர் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.  நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இவர் தடுக்கவும் இல்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அதையும் வந்து சொன்னேன்.

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழமை காலையில."

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கல்யாண அழைப்பிதழ், மீனாவின் கத்தரிக்கோல், ஒரு பசை டியூப். தரையெல்லாம் அட்டைத் துண்டுகள். மிளகாய் மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு அந்தக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. இரண்டு அழைப்பிதழ்களை வீணாக்கிவிட்டு மூன்றாவதை வெட்டிக்கொண்டிருந்தார். மீனா உதவிக்குப் போனாள். "நீ தள்ளு. நான் செய்யுகேன்" என்றார்.

முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோணல்மாணலாக மடித்த அட்டை. முன்பக்கம் ஒரு வீடு, கதவு மட்டும் மிகப் பெரிதாக. உள்ளே: "மதினி வீட்டுக்கு வந்த நாளுக்கு வாழ்த்து."

"தபால்ல போடவா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"தபாலு போய்ச் சேர நாளாகும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்று நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கட்டிலில் இருந்தீர்கள், வாசலில் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். அத்தான்தான் திறந்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்தார். இருவருக்கும் அதற்குள் தலை நரைத்துவிட்டிருந்தது.

"மதினியப் பாக்கணும்."

அத்தான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். "மேல இரிக்கா."

ஏணிப்படியில் இவர் முன்னால் ஏறினார். அத்தான் பின்னால், இருமிக்கொண்டே ஏறினார். அறைக்குள் வந்ததும் இவர் அட்டையை உங்கள் இடது கையில் வைத்தார். நீங்கள் முதலில் அதைப் பார்த்தீர்கள், பிறகு அவரைப் பார்த்தீர்கள். படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அப்போது அட்டையின் ஓரம் பிரிந்து தொங்கியது. உங்கள் வாய் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது. சொல் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னீர்கள்:

"தம்பி... பசை... பத்தாது."

இவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அது அழுகையாக வந்தது. கட்டிலின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார்.  அத்தான் உள்ளே போய் உங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். அதில் பசை காய்ந்துபோயிருந்தது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குழைத்து, விரலால் எடுத்து, அட்டையின் ஓரத்தில் தடவி மடித்தார். பிறகு தம்பிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பசை காய்கிறவரை அப்படியே பிடித்திருந்தார். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் மேலே இருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடை பிறகும் சேரவில்லை, அக்கா. அது பிரிந்தது பிரிந்ததுதான். கடையில் பேச்சு முற்றிய அந்தக் காலையைப் பற்றி அவர்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆரியசாலைக்கு வந்தோம். மூட்டை வியாபாரிக்கும் பாக்கெட் வியாபாரிக்கும் இடையில் மிளகாயின் தரத்தைப் பற்றி ஓயாத வாக்குவாதம் நடந்தது. அதை நீங்கள் பாட்டு கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அதன் பிறகு இருந்த காலத்தில் நாள் குறிப்பது உங்கள் வேலை, அட்டை செய்வது எங்கள் வேலை என்று ஆயிற்று. நான் வெட்டுவேன், மீனா வரைவாள். பசை தடவுவதை மட்டும் நீங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, இடது கையால் நீங்களேதான் தடவுவீர்கள். வலது கையால் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தீர்களே, அன்றைக்கு நாங்கள் அட்டை செய்யும்வரைகூட அத்தான் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய், ஒரு பெரிய பெட்டி நிறைய லட்டு வாங்கிவந்து, தெருவில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "வீட்டுல ஒரு விசேஷம்" என்று மட்டும் சொன்னாராம். ஐப்பசி மழைக்கெல்லாம் உங்களுக்குப் பாயசம் வைத்தோம். மழை அந்த வருடம் கொஞ்சம் கூடுதல். அத்தான்தான், "போதும் பிள்ளே, இவளுக்குச் சர்க்கரை ஏறும்" என்று நிறுத்தினார்.

பக்கவாதம் இரண்டாவது முறை வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. விடிகாலையில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். பதினாறு முடிந்து, வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்கள் மகன் திரும்பும்போது அத்தானையும் கூப்பிட்டான். "இவ இருந்த வீட்டுல நான் இரிக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்குப் பிறகு என்னால் அட்டை செய்ய முடியவில்லை. முதல் மழை வந்தது, போயிற்று. ஓணம் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் எழுந்தால் பூவும் விளக்குமாக வாழ்த்துகள் குவிந்து கிடக்கும். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிடுவேன். கத்தரிக்கோலை எடுத்தால் மட்டும் கை நின்றுவிடும். யாருக்காகச் செய்வது, எந்த நாள் என்று யார் சொல்வது என்று தோன்றும். மீனா இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அத்தான் போன் பண்ணினார். அவராகப் போன் பண்ணுகிறவர் இல்லை என்பதால் எனக்குப் பதறிவிட்டது.

"என்ன அத்தான்? ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே. சும்மாதான் கூப்பிட்டேன். சமையலுக்கு வாற பொண்ணு இன்னைக்கு லீவு." கொஞ்சம் நிறுத்தினார். "நானே ரசம் வெச்சேன். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, கேட்டியா."

"அப்படியா அத்தான்!"

"ஆமா. செரி, வெச்சிரட்டா?"

வைத்துவிட்டார். நான் போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"அத்தான் ரசம் வெச்சாராம்."

"அதுக்கு?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கத்தரிக்கோலைத் தேடி எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

அட்டை செய்து எடுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று மணி இருக்கும். அத்தான் இன்னும் சாப்பிடவில்லை. தனியாக உட்கார மனம் வரவில்லை போலிருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அத்தான் தன் கையால் முதல்முதலாக ரசம் வைத்த நாளுக்கு வாழ்த்து." படித்துவிட்டு அடுக்களைக்குப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரத்தான் போயிருப்பார். வரும்போது கையில் ரசப் பாத்திரம் இருந்தது.

"இரிங்க. எல்லாருக்கும் காணும், தாராளமா இருக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, ரசம் ஒரே புளிப்பு. வாயில் வைக்க முடியவில்லை. உங்கள் கொழுந்தன் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்துவிட்டு, டம்ளரை அண்ணன் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றார். அத்தான் சந்தோஷமாக ஊற்றினார்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அட்டை வெட்டும் கை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது இல்லை. எனக்கு இன்றும் நேராக வெட்ட வராது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது ஒரு காது. எதிரே இருப்பவர் ஏதோ சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்லும்போது, அதற்குள் அவருக்கு அது ஒரு விசேஷமான நாள் என்பது இப்போது எனக்குக் கேட்கிறது. கேட்டுவிட்டால் பிறகு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

உங்கள்
இளையவள்